தலைமாட்டில் நின்றவள்

கமலாவதிக்கு அம்மாள் வருத்தம், பெரியம்மை, வந்தபோது வயது பதினொன்று. அந்த வருடம் உரும்பிராயில் ஒழுங்கைக்கு ஒரு படலையிலாவது வேப்பிலை தொங்கியது. பக்கத்து வளவில் இரண்டு பிள்ளைகள் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கமலாவதி பிழைத்துக்கொண்டாள். தலைக்குத் தண்ணீர் வார்த்து, பழைய வெள்ளைச் சீலை ஒன்றைச் சுற்றி, வெயில் படக்கூடாதென்று அறைக்குள் இருத்தினார்கள். தாய் சின்னாச்சி நேர்த்திப் பொங்கலுக்குக் கோவிலுக்குப் போயிருந்த நேரம், பிள்ளை எழும்பிப் போய்ச் சுவரில் தொங்கிய கண்ணாடியில் முகத்தைப் பார்த்தாள்.

அதில் அவள் கண்டது முகம் என்று சொல்லத்தக்கதல்ல. பொருக்கு பாதி உதிர்ந்தும் பாதி உதிராமலும், இமைகள் வீங்கி, அடுப்பில் சுட்டெடுத்த கத்தரிக்காயின் தோல் போலக் கறுத்துச் சுருங்கி ஒன்று இருந்தது. அது அவளைப் பார்த்தது. அவள் போட்ட சத்தத்தில் தோட்டத்தில் நின்ற தகப்பன் நமசிவாயம் மண்வெட்டியோடு ஓடி வந்தார்.

அன்று பின்னேரமே கண்ணாடி சுவரை விட்டுப் போய்விட்டது. சின்னாச்சிதான் கழற்றினாள். எங்கே கொண்டுபோனாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நமசிவாயம் அதன் பிறகு கிணற்றடியில் கையால் தடவிப் பார்த்தே சவரம் செய்தார். தங்கச்சி செல்வநாயகி பொட்டு வைக்க அடுத்த வீட்டுக்கு ஓடினாள். பிள்ளையின் மனம் நோகக்கூடாதே என்று வீடு முழுதும் ஒத்துக்கொண்ட ஏற்பாடு அது. அன்புதான், வேறொன்றுமில்லை. ஆனால் கண்ணாடியை ஒளிக்க வேண்டிய முகம் தன் முகம் என்பதை அந்த வெறும் ஆணி கமலாவதிக்கு ஒவ்வொரு நாளும் சொல்லிக்கொண்டிருந்தது.

பொருக்கு உதிர்ந்தது, தோல் ஆறியது, அவள் வளர்ந்து பெண்ணானாள். அவள் மனதுக்குள் இருந்த முகம் மட்டும் ஆறவில்லை. அதை வைத்துக்கொண்டுதான் அவள் நடக்கவும் இருக்கவும் கதைக்கவும் பழகினாள். சீலைத் தலைப்பை இழுத்து வலக் கன்னத்தை மூடிக்கொள்வாள். ஆட்களோடு கதைக்க நேர்ந்தால் சுவரைப் பார்த்துக் கதைப்பாள். கிணற்றில் அள்ளும்போது துலாக் கயிற்றில்தான் கண் இருக்கும், தண்ணீரில் இராது. படலை திறக்கும் சத்தம் கேட்டால் குசினிக்குள், அடுப்படிக்குப் போய்விடுவாள். ஒருநாள் அயல் வீட்டுக் குழந்தை ஒன்று முற்றத்துக்குத் தவழ்ந்து வந்துவிட்டது. தலையை மூடிக்கொண்டு இருட்டுக் குசினிக்குள்ளிருந்து சடாரென்று வெளியே வந்த உருவத்தைக் கண்டு அது வீரிட்டு அழுதது. எந்தக் குழந்தையும் அழத்தான் செய்யும். கமலாவதி அந்த அழுகையை எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொண்டாள். ஒழுங்கையில் இரண்டு பெண்கள் சிரித்துக்கொண்டு போனால் அதையும் எடுத்து வைத்துக்கொண்டாள். இப்படிச் சேர்த்துச் சேர்த்து, அவளுடைய முகத்துக்குச் சாட்சிகள் நிறையவே சேர்ந்துவிட்டன.

இருபத்திரண்டாவது வயதில் ஒரு சம்பந்தம் வந்தது. கோப்பாயில் நடராசா வாத்தியார் என்று ஒருவர். தாரம் இழந்தவர், பிள்ளைகள் இல்லை, நல்ல மனிதர் என்று பெயர்.

"பிள்ளை, வெள்ளிக்கிழமை வருகினமாம், உன்னைப் பார்க்க," என்றாள் சின்னாச்சி.

"என்னையோ? தங்கச்சியை எண்டு நினைச்சு வருகினம்போலை."

"உன்னைத்தான். கோவில் வீதியிலை தூரத்திலை கண்டவராம்."

"தூரத்திலை கண்டபடியால்தானெணை வாறார்."

சின்னாச்சி அதற்குப் பதில் சொல்லவில்லை. ஏதாவது சொல்லியிருக்கலாம். பிற்காலத்தில் கமலாவதி பலமுறை நினைத்துப் பார்த்த இடம் அது.

வெள்ளிக்கிழமை, வண்டில் மாட்டின் சதங்கைச் சத்தம் ஒழுங்கை முகப்பில் கேட்டதும், உடுத்த புதுச் சீலையோடு கமலாவதி பின்வளவால் ஓடிப்போய்ப் புகையிலைக் குடிலுக்குள் ஒளிந்துகொண்டாள். புகை போட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. காறல் மணம் தொண்டையை அடைத்தது. வீட்டுப் பக்கமிருந்து ஆண் குரல்களும், ஒரு சிரிப்பும் கேட்டன. சிரிப்பு எதற்கென்று அவளுக்குத் தெரியும்போலத்தான் இருந்தது. தாய் அவர்களுக்கு என்ன சொல்லிச் சமாளித்தாளோ, ஒரு மணித்தியாலம் கழித்துச் சதங்கை திரும்பிப் போனது. கண்கள் சிவந்து இருமிக்கொண்டு அவள் வந்தபோது தாய் ஏசவில்லை. "அவை போயிட்டினம்," என்று மட்டும் சொல்லிவிட்டுச் சோற்றைப் போட்டுக் கொடுத்தாள்.

அதன் பிறகு அவளைக் கேட்டு ஒருவரும் வரவில்லை. செல்வநாயகியை உடுப்பிட்டியில் கட்டிக் கொடுத்தார்கள். கலியாணத்தின் மூன்று நாளும் கமலாவதி அடுப்படியை விட்டு அசையவில்லை. தங்கை கழுத்தில் தாலி ஏறியதை மேளச் சத்தத்தில்தான் அறிந்தாள். தம்பி பரமலிங்கம் மலாயாவுக்குக் கப்பலேறினான். அடுத்த வருடம் நமசிவாயம் கண்ணை மூடினார். வீட்டில் தாயும் மகளும் மிஞ்சினார்கள். இரண்டு பெண்கள் ஒரு கூரையின் கீழ் வருடக்கணக்காக இருந்தால் கதை பெருகும் என்பார்கள். இங்கே குறைந்தது. "கறிக்கு உப்புக் காணுமோ?" "காணும்." "மழை வரும்போலை." "ஓம்." சில நாட்களில் இதுகூட இல்லை. வெங்காயத் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டிருந்தார்கள். பரமலிங்கம் மாதாமாதம் அனுப்புவது இருவருக்கும் போதும். கமலாவதி விடிய முன்னம் தண்ணீர் அள்ளிவிடுவாள். பகலில் படலைக்கு அப்பால் அவள் கால் வைத்த நாட்களை விரல் விட்டு எண்ணலாம்.

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தேழாம் ஆண்டு மாசி மாதம், மூன்று நாள் காய்ச்சலில் சின்னாச்சி இறந்துபோனாள்.

மகன் கடல் கடந்து இருக்கிறான், தாயின் முகத்தையாவது படத்தில் பார்க்கட்டும் என்று, உடுப்பிட்டி மருமகன் யாழ்ப்பாணத்துக்கு ஆள் அனுப்பிப் படம் பிடிப்பவனை அழைப்பித்தார். பிரேதத்தைக் கட்டிலோடு முற்றத்தில் வைத்து, உற்றார் எல்லாரும் சுற்றி நிற்க, மூன்று கால் பெட்டியை ஊன்றிவிட்டு அவன் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டான். கமலாவதி மெல்லக் குசினிப் பக்கம் நழுவப் பார்த்தாள். செல்வநாயகி கையைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா, எங்கை போறாய்? மலாயாவிலை அண்ணை படத்திலை உன்னைத்தான் முதல் தேடுவார். வந்து தலைமாட்டிலை நில்."

மறுக்க அவளிடம் தெம்பிருக்கவில்லை. ஒரு பக்கம் தங்கையும் மறுபக்கம் ஒரு சிற்றன்னையும் அவள் கைகளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். சீலைத் தலைப்பு தோளில் கிடந்தது. அதை இழுக்க ஒரு கைகூட மிச்சமில்லை. "ஆடாமல் நில்லுங்கோ," என்று துணிக்குள்ளிருந்து குரல் வந்தது. கமலாவதி ஆடவில்லை. தாயின் நெற்றியில் பூசியிருந்த திருநீற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்தபோது செல்வநாயகி படத்தைக் கொண்டுவந்தாள். சடங்கு முடிந்து, வந்தவர்கள் சாப்பிட்டுப் போன பிறகு, அக்காவும் தங்கையும் பாயில் இருந்து அதைப் பார்த்தார்கள். நடுவில் தாய், உறங்குவது போல. கால்மாட்டில் உடுப்பிட்டி மருமகன். செல்வநாயகி, சிற்றன்னை, கோப்பாய்ச் சொந்தக்காரர், அயலவள் இராசாத்தி. கமலாவதி ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"தலைமாட்டிலை நிக்கிறது ஆர்?" என்று கேட்டாள்.

"எது?"

"உந்தப் பொம்பிளை. உனக்குப் பக்கத்திலை. கோப்பாய்ப் பக்கத்து ஆளோ? முந்திக் கண்ட முகமாயும் கிடக்கு."

செல்வநாயகிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னக்கா பகிடி விடுறாய்!" என்று அக்காவின் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றது.

"அக்கா, அது நீயெல்லோ."

கமலாவதி படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். கொஞ்சம் நீள முகம். அகன்ற நெற்றி. களைத்துப் போய்த் தாழ்ந்த, ஆனால் அசையாத கண்கள். தாயின் தாடை. வடிவானது என்று சொல்ல முடியாது. ஆனால் எந்தக் குழந்தையும் அதைக் கண்டு அழாது.

"இது பிழை," என்றாள். "கடைக்காரன் ஏதோ செய்திருக்கிறான்."

தங்கைக்கு அவளைத் தேற்ற வேண்டும் போலிருந்தது. "ஓம் அக்கா, பென்சிலாலை தீட்டி முகத்தை வடிவாக்கி விடுவாங்களாம், இவர் சொன்னவர்," என்றாள். சொல்லி முடித்த பிறகுதான், அதைச் சொல்லியிருக்கத் தேவையில்லை என்று பட்டது.

செல்வநாயகி குடும்பம் உடுப்பிட்டிக்குத் திரும்பிய பிறகு கமலாவதி நான்கு நாள் படத்தோடு இருந்தாள். பென்சில் என்ற அந்தச் சொல் அவளை விடவில்லை. அது பென்சில் என்றால் எல்லாம் பழையபடி. பென்சில் இல்லையென்றால்? அந்த நினைப்பு முன்னதைவிடப் பயமாக இருந்தது. ஐந்தாம் நாள் காலை, துடக்குக் கழித்த வெள்ளைச் சீலையை உடுத்து, படத்தைக் கடதாசியில் சுற்றி எடுத்துக்கொண்டு, தன் சீவியத்தில் முதல் தடவையாகத் தனியே பஸ்ஸேறினாள்.

பஸ்ஸுக்குள் ஏறியதும் எல்லாக் கண்களும் தன்மேல் திரும்பும் என்று கூசிக்கொண்டு நின்றாள். ஒருவரும் திரும்பவில்லை. வாழைக்குலைக்காரர் ஒருவர் குலையை நகர்த்தி இடம் விட்டார். "உள்ளுக்கை போங்கோ அம்மா, வழியிலை நிக்காதேங்கோ," என்று டிக்கெற் கொடுப்பவன் அதட்டினான். உள்ளே போய் இருந்தாள். பக்கத்தில் இருந்தவள் பட்டணம் வருமட்டும் அவள் தோளில் தலை சாய்த்து நித்திரை கொண்டாள். ஓர் அந்நிய மனுசியின் தலைப் பாரம் தோளில் இருந்தபோது கமலாவதி மூச்சைக்கூட மெதுவாகத்தான் விட்டாள்.

படக்கடை பெரிய கடைத்தெருவுக்குப் பின்னால், மாடிப்படியின் கீழ் இருந்தது. கடைக்காரன் பெயர் கனிசியஸ். குருநகர் ஆள். சுவரில் மாதா படத்தின் கீழே கலியாணச் சோடிகள் வரிசையாகத் தொங்கின.

"வாங்கோ அம்மா. எடுத்த படம் வாங்கவோ, இனி எடுக்கவோ?"

கமலாவதி சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "மாசியிலை உரும்பிராயிலை ஒரு செத்தவீடு. நீங்கள்தான் எடுத்தனீங்கள்."

"ஓமோம், உடுப்பிட்டி ஐயா கூப்பிட்டவர். இன்னுமொண்டு கழுவித் தரவோ?"

"இல்லை. ஒண்டு கேக்க வந்தனான். முகங்களைப் பென்சிலாலை தீட்டுவியளாமே."

"அது கலியாணப் படத்துக்கு. பொம்பிளை பகுதி மாப்பிள்ளை பகுதிக்கு அனுப்புற படத்துக்கு. அதுக்குச் செய்யத்தான் வேணும்." அவன் சிரித்தான். "செத்தவீட்டுப் படத்துக்கு ஆர் மினைக்கெடுவினம்? இருபத்திமூண்டு தலை நிண்டது. இருபத்திமூண்டுக்கும் தீட்டினால் என்ரை கண் போயிடும். விழுந்தது விழுந்தபடிதான்."

"தலைமாட்டிலை நிக்கிறவவுக்கும் தீட்டேல்லையோ?"

கனிசியஸ் உள்ளே போய்ப் பழைய பெட்டிகளைக் கிளறி ஒரு கண்ணாடித் தகட்டைக் கொண்டுவந்து வாசல் வெளிச்சத்தில் பிடித்தான். "பாருங்கோ, ஒரு கீறலும் இல்லை. மற்றவையெல்லாம் அழுது ஆடிப்போட்டினம். இவ ஒராள்தான் கல்லு மாதிரி நிண்டவ. இவவின்ரை முகம்தான் இதிலை திறமாய் விழுந்திருக்கு." பிறகு தகட்டைத் தாழ்த்தி அவளைப் பார்த்தான். "நீங்கள்தானே அவ?"

கமலாவதி தலைப்பைக் கன்னத்திலிருந்து எடுத்தாள். அதை எடுக்க எவ்வளவு நேரம் பிடித்ததென்று அவளுக்குத் தெரியாது.

"தீட்டுறதெண்டால், எவ்வளவு தீட்ட வேண்டி வரும்?"

அவன் கேள்வியை ஒரு தொழில்காரனின் கேள்வியாகவே எடுத்துக்கொண்டான். கிட்ட வந்து, தலையை அங்குமிங்கும் சாய்த்துப் பார்த்தான். "நெத்தியிலை இரண்டு. இந்தக் கன்னத்திலை ஒரு ஆறேழு. மூக்கிலை ஒண்டு. அம்மைத் தழும்பு, என்ன? இதுக்குக் கால் மணித்தியாலமும் வேண்டாம். எங்களைப் போலை ஆளெண்டால்தான் கரைச்சல்."

அப்போதுதான் அவள் அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். கனிசியஸின் முகம் முழுவதும், காது மடல் வரைக்கும், மழை பெய்து ஓய்ந்த செம்மண் போலக் குழி குழியாக இருந்தது. இவ்வளவு நேரமும் அவனோடு கதைத்திருக்கிறாள், அதைக் காணவில்லை.

"உங்களுக்கு..." என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள்.

"எனக்கு ஏழு வயசிலை வந்தது. அம்மா, பெடியன் பிழைக்கமாட்டான் எண்டு குருவானவரைக் கூட்டி வந்தவவாம்." அவன் தகட்டைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டே சொன்னான். "பிறகு நாலு பெடியள் பட்டப்பேர் வைச்சுத் தெளிச்சாங்கள். நானும் திருப்பித் தெளிச்சன். முடிஞ்சுது கதை. அந்த அறைக்குள்ளை கண்ணாடி கிடக்கு, வேணுமெண்டால் தலையை ஒதுக்கிக்கொண்டு வாங்கோ, வந்தனீங்கள் ஒரு படம் எடுப்பம்."

படம் எடுக்கும் எண்ணம் அவளுக்கு இல்லை. ஆனால் அறைக்குள் போனாள். ஆளுயரக் கண்ணாடி. அதற்கு முன்னால் நிற்குமுன் இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்குபவள் போல ஒரு மூச்சு எடுத்துக்கொண்டாள்.

படத்தில் நின்ற அதே பெண்தான். காதோரம் நரை. கண்ணின் கீழே கறுப்பு. தழும்புகளை அவளே தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. சந்தையில் எதிரே வந்தால் நாம் திரும்பிப் பார்க்காமல் கடந்து போகிற ஆயிரம் முகங்களில் ஒன்று.

சந்தோசம் வரும் என்று யாரும் நினைக்கலாம். வரவில்லை. கமலாவதிக்கு யாரோ செத்துவிட்டதாகத்தான் இருந்தது. புகையிலைக் குடிலுக்குள் இருமிக்கொண்டு நின்ற இருபத்திரண்டு வயதுப் பிள்ளை. தங்கையின் தாலிகட்டைப் பார்க்காமல் அகப்பை பிடித்துக்கொண்டிருந்தவள். அவர்களெல்லாம் எதைக் கண்டு பயந்தார்கள்? இந்த முகத்தையா? தாய் ஒவ்வொரு நாளும் இதைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தாள். "பிள்ளை, ஆறிப்போச்சு, ஒருக்கால் பார்," என்று ஒரு நாள், ஒரேயொரு நாள், சொல்லியிருந்தால்? சொன்னால் அழுவாள் என்று பயந்தாளா? பிறகு பிறகு, எல்லாரும் போய்விட்ட வீட்டில் இவளாவது இருக்கட்டும் என்று நினைத்தாளா? கேட்கலாம் என்றால் தாய் இல்லை. கோபப்படலாம் என்றால் அதுவும் வரவில்லை.

வெளியே ஒரு கலியாணக் கூட்டம் வந்துவிட்டது. பவுடர் மணத்தோடு பெண்கள் இருவர் உள்ளே நுழைந்து, "அக்கா, கொஞ்சம் விலகுங்கோ," என்றார்கள். கமலாவதி விலகிக்கொண்டாள்.

ஊருக்குத் திரும்பியவள் சந்தியில் இறங்கி, உச்சி வெயிலில், முகத்தை மூடாமல் ஒழுங்கை வழியே நடந்தாள். என்னவோ நடக்கும் என்று எதிர்பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு பேர் எதிர்ப்பட்டார்கள். ஒதுங்கி வழிவிட்டுப் போனார்கள். அயலவள் இராசாத்திதான் தன் படலையடியில் மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தவள், கையில் சுளகோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"எங்கை, பட்டணம் போயிட்டு வாறியோ?"

"ஓம்."

வழக்கமாக அவ்வளவோடு கமலாவதி போய்விடுவாள். அன்று நின்றாள். நெடுநேரம் யோசித்து, "வெயில்," என்றாள்.

"இரன், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ," என்றாள் இராசாத்தி, அவள் இருக்கப்போவதில்லை என்ற நம்பிக்கையோடு. கமலாவதி இருந்தாள்.

தேத்தண்ணியைப் பனங்கட்டியோடு குடித்து முடிக்குமட்டும் இருவரும் மிளகாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் இராசாத்தியால் அடக்க முடியவில்லை.

"நான் ஒண்டு சொன்னால் கோவிக்கப்படாது. இத்தனை வரியத்திலை நீ எங்கடை வீட்டு வாசலிலை இருந்தது இதுதான் முதல்தரம்."

"ஓம்."

"நாங்கள் உன்னைப் பெருமைக்காரி எண்டெல்லோ வைச்சிருந்தனாங்கள்."

கமலாவதிக்குக் காதில் விழுந்தது விளங்கவில்லை. "ஆரை?"

"உன்னைத்தான். கண்டால் முகத்தைத் திருப்பிறது. கேட்டால் சுவரோடை கதைக்கிறது. ஒரு நன்மை தின்மைக்கு வாறேல்லை. மலாயாக் காசு, உவளுக்கு நாங்கள் கண்ணுக்குத் தெரியமாட்டம் எண்டு கதைக்கிறதுதான். உந்த நடராசா வாத்தியாரும் அப்பிடித்தானாம் சொன்னவர், அந்தப் பிள்ளைக்கு ரெண்டாந்தாரம் எண்டால் இளக்காரம், வெளியிலை வந்து ஒருக்கால் முகம் காட்டக்கூட மனம் வரேல்லை எண்டு. மனுசன் கனகாலம் அதைச் சொல்லி மனம் நொந்தவர்."

"நான் என்ரை முகத்துக்கு வெக்கப்பட்டெல்லோ ஒளிச்சனான்," என்றாள் கமலாவதி. குரல் வழக்கம்போலத் தணிந்துதான் வந்தது.

"முகத்துக்கு என்ன?"

இராசாத்தி அதை உண்மையாகவே கேட்டாள். கமலாவதி கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். இராசாத்தி குனிந்து பார்த்தாள்.

"உதுவோ? உது எனக்கு இண்டைக்குத்தான் தெரியும். நீ எங்கை ஒருநாளாவது பார்க்க விட்டனீ?"

கமலாவதி வீட்டுக்கு வந்து குசினி வாசற்படியில் இருந்தாள். ஒரு பக்கத்தில் அவள் தன்னை அருவருத்துக்கொண்டிருந்திருக்கிறாள். மறுபக்கத்தில் ஊர் அவளைக் கர்வக்காரி என்று ஒதுக்கியிருக்கிறது. அவலட்சணக்காரியும் அல்லாத, கர்வக்காரியும் அல்லாத ஒருத்தி இருபத்தாறு வருடமாக இந்த வளவுக்குள் நடமாடியிருக்கிறாள், அவளை ஒருவருக்கும் தெரியாது. தனக்கும் தெரியாது.

ஒரு நாளில் எல்லாம் மாறிவிடும் என்றால் அது கதைக்குத்தான் சரி. கை தன்பாட்டில் தலைப்பைத் தேடும். ஆட்கள் வந்தால் கால் குசினிக்குத் திரும்பும். திரும்பிய காலை மறுபடி திருப்ப வேண்டியிருந்தது. சித்திரையில் இராசாத்தியின் மகள் பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்கு. கமலாவதி நல்ல சீலை உடுத்து, வெளிச்சத்தில், முன் வாசலால் போனாள். பெண்கள் கதையை நிறுத்திவிட்டு இடம் விட்டார்கள். மரியாதைதான், ஆனால் அந்த மரியாதைக்குள் ஒருவரும் அவளோடு கதைக்கவில்லை. அவளுக்கும் கதைக்கத் தெரியவில்லை. மற்றவர்கள் சிறுவயதிலிருந்து ஒருவரோடொருவர் உரசி உரசிக் கற்றுக்கொண்ட பேச்சு அது; பகிடி எங்கே தொடங்குகிறது, எங்கே சிரிக்க வேண்டும் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. ஒருமுறை எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகு சிரித்துவிட்டாள். இனிப் பலகாரத்தைப் பார்ப்போம் என்று எழுந்து அடுப்படிக்குப் போனாள். அங்கே மூன்று மணித்தியாலம் வடை தட்டினாள். வீடு திரும்பும்போது, பயம் விட்டுப்போனால் தனிமையும் விட்டுப்போகும் என்று தான் நினைத்திருந்தது பிழை என்று விளங்கியது.

ஆவணியில் ஒழுங்கையின் கடைசி வீட்டுக்குப் புது மருமகள் வந்தாள். சாவகச்சேரிப் பக்கத்துப் பிள்ளை, பெயர் மகாதேவி, வயது பத்தொன்பது. புருசனுக்குக் கொழும்பில் கிளாக்கு உத்தியோகம். கலியாணம் முடிந்து பத்தாம் நாள் போய்விட்டான். மாமிக்காரிக்குக் காது கேட்காது. ஒரு பின்னேரம் அந்தப் பிள்ளை படலையைத் தட்டாமலே திறந்துகொண்டு வந்துவிட்டாள்.

"அக்கா, கறிவேப்பிலை இருக்கோ? உங்கடை வேலிக்கு மேலாலை தெரிஞ்சுது."

"இருக்கு. முறிச்சுக்கொண்டு போ."

முறித்தாள். போகவில்லை. "அக்கா, கறிவேப்பிலை எங்கடை வீட்டிலையும் இருக்கு," என்றாள், கிளையைக் கையில் சுழற்றிக்கொண்டு. "ஒரு ஆளோடை வாய்விட்டுக் கதைச்சு மூண்டு நாளாச்சு. அதுதான் வந்தனான்."

கமலாவதி உள்ளே போனாள். பாயை எடுத்துப் போட்டாள். மகாதேவி இருந்து, தாயைப் பற்றி, தங்கள் ஊர் மாமரங்களைப் பற்றி, புருசன் கப்பல் போலச் சப்பாத்துப் போடுவதைப் பற்றிச் சொன்னாள். கமலாவதி கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்பதில் அவளுக்கு இணை யார்? இடையில் ஒரு இடத்தில், சப்பாத்தைப் பற்றித்தான், அவளும் ஏதோ சொன்னாள். மகாதேவி விழுந்து விழுந்து சிரித்தாள். "அக்கா, நீங்கள் நல்ல பகிடிக்காரி," என்றாள். அந்தப் பிள்ளைக்கு இந்த ஊரில் ஒருவரையும் தெரியாது. பெருமைக்காரியையும் தெரியாது, கண்ணாடி இல்லாத வீட்டையும் தெரியாது. அவள் கண்ட கமலாவதி, கறிவேப்பிலை கொடுத்துப் பகிடியும் விடுகிற ஒரு அக்கா. அந்த அக்காவாக இருப்பது கமலாவதிக்குப் புதுச்சீலை உடுத்தது போல முதலில் மொடமொடத்தது. நாட்கள் போக உடம்போடு ஒட்டியது. நாள் தவறாமல் பின்னேரங்களில் மகாதேவி வந்தாள். சில நாட்களில் அவள் வரப் பிந்தினால் கமலாவதியே போய்ப் படலையடியில் நின்று பார்ப்பாள்.

எட்டு மாதம். பிறகு புருசனுக்குக் கொழும்பில் வீடு கிடைத்துவிட்டது. வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டான். போகும்போது மகாதேவி அழுதாள். கமலாவதிக்கு அழத் தெரியவில்லை, ஒரு போத்தல் எலுமிச்சங்காய் ஊறுகாய் கொடுத்துவிட்டாள். அன்றைக்கும் அடுத்த நாட்களிலும் பின்னேரங்கள் நீண்டு கிடந்தன. தாயோடு இருந்த காலத்தில் தனிமை என்பது காற்று மாதிரி, இருப்பதே தெரியாது. இப்போது அதற்கு ஒரு நேரமும் இடமும் வந்துவிட்டன: நாலு மணி, பாயின் மறு பாதி.

இரண்டு கிழமையால் தபால்காரர் சைக்கிளை நிறுத்தி, ஒழுங்கை முழுக்கக் கேட்கப் பெயரைக் கூப்பிட்டார். "உரும்பிராய் கமலாவதி அக்காவுக்கு!" தம்பி அனுப்பும் காசைத் தவிர்த்தால், அவள் பெயருக்கு வந்த முதல் கடிதம் அது. கொழும்பு முத்திரை. நான்கு பக்கம். கடற்கரை, டிராம் வண்டி, சமைக்கத் தெரியாமல் கருக்கிய கறி எல்லாம் எழுதி, கடைசியில், "அக்கா, உங்கடை புதினங்களை எழுதுங்கோ, ஒண்டும் விடாமல்," என்றிருந்தது.

கமலாவதி அதை மூன்று தரம் வாசித்தாள். பிறகு இராசாத்தி வீட்டுக்குப் போய் ஒரு தாளும் பேனாவும் இரவல் கேட்டாள். "ஆருக்கு?" என்று இராசாத்தி கேட்க, "ஒரு சிநேகிதிக்கு," என்றாள். அந்தச் சொல்லை அவள் முன்பு ஒருபோதும் சொன்னதில்லை.

வந்து வெளிச்சம் பார்த்துக் குந்தியிருந்து, 'அன்புள்ள மகாதேவிக்கு' என்று தொடங்கினாள். பள்ளிக்கூடம் விட்டு இருபத்தேழு வருடம்; எழுத்துக்கள் கோணின. தன் புதினம் என்று எதைச் சொல்வது? கனநேரம் வெறும் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முற்றத்தில் ஒரு கோழி கிளறிக்கொண்டு நின்றது. கடைசியில், நீ போனதிலிருந்து எனக்குப் பின்னேரங்களில் ஒண்டும் ஓடுகிறதில்லை என்று எழுதினாள். எழுதியதை அழிக்கலாமா என்று யோசித்தாள். அழிக்காமல் அடுத்த வரிக்குப் போனாள்.